மாடிக்கு ஏறும் முன் மின்விசிறியைப் பாருங்கள்



நம் தாம்பரத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுப் பழமை கொண்டது. 1931-ஆம் ஆண்டு, கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவில் முதல் மின்சார ரயில் வந்து நின்ற ஊர் நம் ஊர். சுற்றிலும் ஏரியும் வயலும் பனையும் இருந்த காலத்தில், தலைக்கு மேலே கம்பி கட்டி, கரியும் புகையும் இல்லாமல் ஒரு வண்டி வந்து நின்றது. அந்த வண்டி ஓடியது, ஒரே திசையில் பாயும் 1,500 வோல்ட் டிசி மின்சாரத்தில். பிற்காலத்தில்தான் அது, திசை மாறி மாறிப் பாயும் ஏசி மின்சாரத்துக்கு மாறியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்று நம் மொட்டை மாடியில் ஒரு சோலார் பேனலை வைத்தால் அது தருவதும் அதே டிசி மின்சாரம்தான். அன்று கம்பி வழியே ஊருக்கு வந்தது, இன்று வானத்திலிருந்து நேராக வீட்டுக்கு வருகிறது. வருவதை வாங்கி வைக்க நம் வீடு தயாராக இருக்கிறதா என்பதுதான் இன்று மாலை நான் உங்கள் முன் வைக்க வந்த கேள்வி.

2012-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு நாளைக்கு 2 மணி நேரம் மின்வெட்டு. மற்ற மாவட்டங்களில் அதைப்போலப் பல மடங்கு. அந்த ஆண்டுகளில்தான் நம் பகுதியில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வந்து கூடத்து மூலையில் குடியேறின. 2015 டிசம்பர் முதல் தேதி, ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. மாடியில் ஏறி உட்கார்ந்திருந்தோம். செல்போனில் சார்ஜ் இல்லை, குடிநீர் ஏற்ற மோட்டார் ஓடவில்லை, இரவில் எதிர்வீட்டு முகம் தெரியவில்லை. அடுத்த ஆண்டே வர்தா புயல் வந்து மரத்தையும் கம்பத்தையும் சேர்த்துச் சாய்த்தது. கரண்டு என்பது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று நாம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இருட்டில் உட்கார்ந்து தெரிந்துகொண்டோம்.

இன்று அந்த நூலின் மேல் பாரம் கூடியிருக்கிறது. 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதில் நம் படுக்கையறை ஏசியும் இருக்கிறது, நம் கீஸரும் இருக்கிறது, யாரும் இல்லாத அறையில் சுற்றிக்கொண்டிருந்த நம் ஃபேனும் இருக்கிறது.

நண்பர்களே, என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். இரண்டு மாதக் கணக்கில் 620 யூனிட் வந்தது. உடனே சோலார் போட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். பேனல் வைக்கும் ஒருவரை அழைத்தேன். அவர் மாடியை அளந்தார், மூன்று கிலோவாட் என்றார், விலை சொன்னார். வீட்டுக்குள் என்ன ஓடுகிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் முன், எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். லைன்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் அந்தக் காகிதத்தைத் தொடவே இல்லை. "மீட்டர் அட்டையை எடுத்து வா தம்பி" என்றார். பிறகு வீட்டுக்குள் வந்து, நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். "நாலு ஃபேனும் பழசு. ஓட்டைக் குடத்தை நிரப்ப எதற்குப் பெரிய மோட்டார்? முதலில் ஓட்டையை அடை" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் என் இன்றைய பேச்சு முழுவதும்.

கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பழைய சீலிங் ஃபேன் ஒன்று முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட்ஸ் எடுக்கும். பழைய பெட்டி ரெகுலேட்டராக இருந்தால், வேகத்தைக் குறைத்தாலும் மிச்சமாகும் மின்சாரத்தில் ஒரு பங்கு அந்தப் பெட்டியிலேயே சூடாகிப் போய்விடும். இப்போது கடைகளில் கிடைக்கும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட்ஸில் அதே காற்றைத் தருகிறது. அதன் சுழலும் பகுதியில் நிலைக்காந்தம் இருக்கிறது. பழைய மோட்டாரில் வெப்பமாக வீணாவது இதில் மிச்சமாகிறது. நாலு ஃபேன், நாளைக்கு 12 மணி நேரம், 60 நாள். பழையது என்றால் 216 யூனிட். புதியது என்றால் 86. மிச்சம் 130 யூனிட்.

அந்த 130 யூனிட்டின் விலை என்ன? இங்கேதான் நம் மாநிலக் கட்டண முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். அது மாடிப்படி போன்றது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மேலே ஏற ஏற ஒவ்வொரு படிக்கும் விலை கூடும். 500 என்ற படியைத் தாண்டினால், கீழே 101 முதல் 200 வரை கிடைத்த சலுகையும் கைவிட்டுப் போகும். அந்த விகிதத்திலேயே கணக்கிட்டுச் சொல்கிறேன்; அதன் பிறகு பைசாக்கள் கூடியிருக்கின்றன. 620 யூனிட்டுக்கு 2,930 ரூபாய். அதில் 130 குறைந்து 490 ஆனால் 1,665 ரூபாய். யூனிட்டில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. பணத்தில் குறைந்தது 1,265 ரூபாய், ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல்! குறைந்த யூனிட் எல்லாம் உச்சிப்படியில் நின்ற யூனிட். நாலு ஃபேனுக்கு 12,000 ரூபாய் செலவானாலும், குளிர்காலத்தில் ஃபேன் குறைவாக ஓடும் என்று கழித்துக்கொண்டாலும், இரண்டு, இரண்டரை ஆண்டில் அந்தப் பணம் வீட்டுக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு வருவது எல்லாம் லாபம்.

ஃபேனைப் போலவே மற்றதையும் பாருங்கள். 60 வாட்ஸ் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட்ஸ் எல்இடி தருகிறது. ஃபிரிட்ஜ் நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் இயங்கும் பொருள். அதன் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்றே அச்சிட்டிருக்கிறது. வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். அதில் உள்ள ஆண்டையும் பாருங்கள். தர அளவை அவ்வப்போது இறுக்குகிறார்கள், பழைய ஐந்து நட்சத்திரம் புதிய அளவில் ஐந்தாக இருக்காது. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் இந்த முத்திரை கட்டாயம். ஏசியை 18-இல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டு 24-இல் வைத்து, மேலே ஒரு ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். உடம்புக்கும் அது நல்லது.

சரி, ஓட்டையை அடைத்தாயிற்று. இப்போது மாடிக்கு ஏறுவோம்.

ஒரு கிலோவாட் சோலாருக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். நம் பகுதியில் அது சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. என் வீடு 620 யூனிட்டில் இருந்தபோது மூன்று கிலோவாட் தேவைப்பட்டது. 490-க்கு இறங்கிய பிறகு இரண்டே போதும். நாலு மின்விசிறி, மாடியில் 100 சதுர அடியையும் ஒரு கிலோவாட்டின் விலையையும் எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தன. ஒரு கிலோவாட் மட்டும் போட முடிந்தவர்களும் மனம் தளர வேண்டாம். 490-இல் 240 கழிந்தால் 250. அதே கட்டணக் கணக்கில் 450 ரூபாய். சூரியனும் உச்சிப்படியிலிருந்துதான் கழித்துக்கொண்டு வருகிறது.

மானியமும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, உச்சவரம்பு 78,000. ஒரு கோடி வீடுகள் இலக்கு. விண்ணப்பிக்கும் முன் உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போய், நாம் வாங்குவதிலிருந்து கொடுப்பதைக் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டரின் விதிகளை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேனல் வைப்பதில் கவனிக்க வேண்டியவை சில. நாம் 13 பாகை வட அட்சரேகையை ஒட்டி இருக்கிறோம். ஆண்டின் பெரும்பகுதி சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்து செல்கிறது. பேனலும் தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலோ, பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழலோ ஒரு பேனலில் விழுந்தால், அதோடு வரிசையாகக் கோத்த மற்றப் பேனல்களின் வரத்தும் குறையும். கத்திரி வெயிலில் அதிகமாகத் தரும் என்று நினைக்காதீர்கள். பேனலுக்கு வேண்டியது ஒளி. சூடு ஏற ஏற அதன் வலு குறையும். அதனால் தரையோடு ஒட்டி வைக்காமல் அடியில் காற்று போக இடம் விடுங்கள். ஆனால் வர்தாவை மறந்துவிடாதீர்கள்: இரும்புச் சட்டம் புயலைத் தாங்கும்படி தளத்தோடு பிணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தின் கடைசித் தவணையைக் கொடுங்கள். வாரம் ஒரு முறை, வெயில் ஏறும் முன், காக்கை எச்சத்தையும் புழுதியையும் கழுவிவிடுங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்க வருபவர்களில் பலர் இதைச் சொல்வதில்லை. இ.பி. லைனோடு இணைத்த சாதாரண சோலார், கரண்டு போனால் தானும் நின்றுவிடும். நல்ல வெயில் அடித்தாலும் நிற்கும். அது குறையல்ல. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனின் கைக்கு நம் மாடியிலிருந்து மின்சாரம் போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த காவல். வெள்ளத்திலும் விளக்கு எரிய வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அங்கேயும் என் பெரியவரின் வாக்கியம்தான் முன்னால் வந்து நிற்கிறது: 75 வாட்ஸ் ஃபேனை 4 மணி நேரம் ஓட்டும் பேட்டரி, 30 வாட்ஸ் ஃபேனை 10 மணி நேரம் ஓட்டும்.

சோலார் மின்சாரத்தை வீணாக்காமல் பயன்படுத்தும் வழியை நமக்குப் பக்கத்திலேயே காட்டியிருக்கிறார்கள். கிண்டி ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய குழுவினரும், வீட்டுக்குள்ளேயே 48 வோல்ட் டிசி லைன் இழுத்து, டிசி ஃபேனையும் டிசி விளக்கையும் சோலாரில் நேராக ஓட்டிக் காட்டினார்கள். டிசியை ஏசியாக்கி மறுபடி டிசியாக்கும் வீண்செலவு அதில் இல்லை. வேளச்சேரி – தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம்தான் நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தது. இந்த அறிவெல்லாம் நம் பேருந்துத் தடத்திலேயே இருக்கிறது.

"எங்களுக்குச் சொந்த மாடி இல்லையே" என்று சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. குரோம்பேட்டை முதல் மேடவாக்கம் வரை, சேலையூர் முதல் பெருங்களத்தூர் வரை அடுக்குமாடியில் இருப்பவர்களே, உங்கள் வீட்டு மீட்டரை விடுங்கள், படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் பொது மீட்டரைப் பாருங்கள். லிஃப்டும் மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் அதில்தான் ஓடுகின்றன. அந்த மீட்டருக்கு 100 யூனிட் இலவசம் கிடையாது. 2022-இல் யூனிட் 8 ரூபாய் என்று வைத்தார்கள். 2023-இல் லிஃப்ட் இல்லாத சிறிய குடியிருப்புகளுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொதுத் தேவைக்கு அதே சூர்யா கர் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. மாடி எல்லோருக்கும் பொது, வெயிலும் பொது, பில்லும் பொது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி உட்கார்ந்து முடிவெடுத்தால் போதும். சோலார் வந்த பிறகு, விடியற்காலையில் போடும் மோட்டாரை நண்பகலுக்கு மாற்றுங்கள். வாடகைக்கு இருப்பவர்களே, பிஎல்டிசி ஃபேன் உங்கள் சொத்து. வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

இது வசதியானவர்களின் பேச்சு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2011-இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டில் ஐந்து சோலார் விளக்குகள் எரிந்தன. மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி, 2006-லேயே சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. ஒரு சிற்றூர் தன் மின்சாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளத் துணிந்தது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021-இல் மாநகராட்சியான நாம் துணியக் கூடாதா?

தாய்மார்களே, உங்களைச் சாட்சியாக வைத்துத்தான் முடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் பாய் போட்டு, அதன் மேல் பழைய வேட்டியை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, வடகம் பிழிந்து, காக்கைக்குக் காவல் இருந்தவர்கள் நீங்கள். நிழல் எப்போது எந்த மூலைக்கு வரும் என்று பார்த்துப் பாயை நகர்த்தியவர்கள். ஒரு நாள் வெயிலைக்கூட வீணாக்க மனம் வராதவர்கள். அந்த மாடிக்கு வேலை கொடுக்கும் பழக்கத்தை நாம்தான் விட்டுவிட்டோம். சோலார் பேனல் அந்தப் பழைய பாயின் இடத்தில்தான் வந்து படுக்கிறது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது சிறிய வேலைதான். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் மீட்டர் அட்டையை எடுங்கள். கடைசி ஆறு கணக்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு நிமிர்ந்து, சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேனை எண்ணுங்கள். எந்த ஆண்டு வாங்கியது என்று பக்கத்தில் குறியுங்கள். அந்தத் தாளோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். அந்தப் பெரியவரையும் அழைத்து வருகிறேன். மாடிக்கு ஏறலாமா என்று எல்லோருமாக உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.