ஈ சொல்லும் சேதி

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

இன்றைக்குத் தூண்டில் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். விவசாய நிகழ்ச்சியில் தூண்டிலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கடைசியில் அது நம் மருந்து தெளிப்பானில்தான் வந்து நிற்கும். கேளுங்கள்.

இங்கிலாந்து ஆறுகளில் டிரவுட், கிரேலிங் என்று இரண்டு மீன்கள் உண்டு. டிரவுட்டை வெள்ளைக்காரர் காலத்தில் நம் நீலகிரி ஓடைகளிலும் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டுக்கும் குளிர்ந்த, தெளிந்த, ஓடுகிற தண்ணீர் வேண்டும். இவற்றைப் பிடிக்க அங்கே பலர் மண்புழு கோப்பதில்லை. தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி, ஈ மாதிரியே பொய் ஈ கட்டுகிறார்கள்.

செப்டம்பர் வந்தால் டிரவுட் பருவம் முடிகிற நேரம். குளிர்காலத்தில் அது முட்டையிடும் என்பதால், ஆற்றுக்கு ஆறு தேதி மாறினாலும், பிடிக்கத் தடை வந்துவிடும். கிரேலிங் முட்டையிடுவது வசந்தத்தில். ஆகவே அதை மார்ச் 14 வரை பிடிக்கலாம். அந்தக் குளிர் நாட்களில் விடிகாலையில் போய்ப் பயனில்லை. வெயில் ஏறிய நடுப்பகலில்தான் சின்னஞ்சிறு ஈக்கள் தண்ணீரை விட்டு எழும்பும். பொய் ஈயும் அதே அளவில் இருக்க வேண்டும். ஈ எழும்பாத நாளில் கிரேலிங் அடிமட்டத்தில் இரை பொறுக்கும். அப்போது கனம் வைத்துக் கட்டிய பொய்ப்புழுவை ஆற்றின் அடியில் உருளவிடுவார்கள்.

இந்த ஈக்கள் மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் புழுவாக வாழ்ந்து, இறக்கை முளைத்தபின் கொஞ்ச காலமே பறப்பவை. ஆக, அந்தப் பூச்சி இருந்தால்தான் மீன் உண்டு. இதைப் புரிந்துகொண்ட தூண்டில்காரர்கள் 2007 முதல் நாடு தழுவிய ஏற்பாடாகப் பூச்சிக் கணக்கு எடுக்கிறார்கள். மாதம் ஒருமுறை ஆற்றில் இறங்கி, வலையை நீரோட்டத்தில் பிடித்து, 3 நிமிடம் அடிக்கல்லைக் காலால் கிளறுவார்கள். வலையில் விழும் பூச்சிகளை எண்ணுவார்கள். கணக்குக் குறைந்தால் அரசுக்குத் தகவல் போகும்.

2013 ஜூலையில் கென்னட் என்ற ஆற்றில் இப்படித்தான் ஒரு விபரீதம் தெரியவந்தது. சுமார் 15 கிலோமீட்டர் தூரத்துக்குப் பூச்சிகளும் சிறு இறால்களும் செத்துக் கிடந்தன. காரணம் குளோர்பைரிபாஸ். ஆமாம், நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த அதே மருந்துதான்! கழிவுநீர் வழியாக ஆற்றில் கலந்திருக்கிறது. அதுவும் இரண்டு தேக்கரண்டி அளவே இவ்வளவுக்கும் போதும் என்று மதிப்பிட்டார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மருந்தடித்து முடித்ததும் என்ன செய்கிறோம்? தெளிப்பானை வாய்க்காலில் முக்கி அலசுகிறோம். டப்பாவை அங்கேயே வீசுகிறோம். நம் வாய்க்காலிலும் பூச்சி இருக்கிறது. நெல் வயலில் பறந்து பூச்சி பிடித்துத் தின்னும் தட்டான், இளம் பருவத்தில் தண்ணீரில்தான் வாழ்கிறது. அப்போது கொசுப்புழுவையும் தின்கிறது. வாய்க்காலில் மருந்து கலந்தால் சாவது நமக்குக் கூலியில்லாமல் உழைக்கிறவன்தான். அதே தண்ணீரில்தானே மாடும் வாய் வைக்கிறது?

ஆகவே நான்கு காரியங்களைக் கடைப்பிடியுங்கள். மருந்தைக் கரையில் வைத்துக் கலக்காமல், வாய்க்காலை விட்டுத் தள்ளிக் கலக்குங்கள். காலி டப்பாவை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, அதே வயலுக்கு அடித்துவிடுங்கள். தெளிப்பானையும் வயலிலேயே அலசுங்கள். மருந்தடித்த கையோடு மடையைத் திறந்து வயல் தண்ணீரை வடிக்காதீர்கள்.

நாலு பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை வாய்க்காலில் ஒரு பழைய வலையைப் பிடித்து, அடி மண்ணைக் கிளறிப் பாருங்கள். தட்டான் குஞ்சும் சிறு இறாலும் துள்ளினால் நல்லது. போன மாதம் இருந்தது இந்த மாதம் இல்லையென்றால், மேல்மடையில் என்ன நடந்தது என்று உடனே விசாரியுங்கள்.