விசிறியின் வேகமும் கணினியின் சூடும்



மேசைக் கணினியைப் பயன்படுத்துவோர் எல்லோரும் அதன் பெட்டிக்குள்ளிருந்து எழும் இரைச்சலைக் கேட்டிருப்பார்கள். அஃது உள்ளே சுழலும் விசிறிகளின் ஓசை. சில வேளைகளில் அது மெல்லிய முணுமுணுப்பாக இருக்கும். சில வேளைகளில் நெல் ஆலையை நினைவூட்டும். இவ்விசிறிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கலைப் பட்டதாரியாகிய எனக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நான் செய்த பிழையொன்றே எனக்கு இதனைக் கற்பித்தது.

எங்கள் பாடசாலையிலே கணினி அறை எனது அலுவலகத்துக்கு அடுத்ததாக உள்ளது. கணினிகள் எல்லாம் ஒருங்கே இரையும்போது, பாடஞ் சொல்லும் ஆசிரியையின் குரல் பின்வரிசைக்கு எட்டாது. ஒருநாள் நான் பொறுமையிழந்து, விசிறிகள் யாவும் மெதுவாகவே ஓடும்படி செய்துவிடுமாறு பணித்தேன். ஆசிரியை தயங்கினார், ஆயினும் அதிபரின் சொல்லை மறுக்கவில்லை. அறை அமைதியாயிற்று. நானும் மகிழ்ந்தேன்.

சில வாரங்கள் சென்றன. மார்ச் மாதத்து நண்பகலொன்றில், உயர்தர வகுப்பு மாணவியொருத்தி தன் செயற்றிட்டத்தைச் செய்துகொண்டிருக்கையில் கணினி திடீரென அணைந்துபோயிற்று. அவள் சேமித்து வைக்காத வேலை முழுவதும் அழிந்தது. "சேர், கொஞ்ச நேரமாகவே இது சரியான மந்தமாக இருந்தது" என்றாள். அதனைச் சாக்குப்போக்கு என்று எண்ணி, வகுப்பார் முன்னிலையில் நான் அவளைக் கடிந்துகொண்டேன்.

அவள் சொன்னது முற்றிலும் உண்மை. அதன் காரணத்தைக் கேளுங்கள்.

கடைக்காரர் புறொசெசர் என்று சொல்லும் முறைவழியாக்கியே கணினியின் மூளை போன்றது. அது உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. எழுத்துக்களைத் தட்டும்போது வெப்பம் குறைவு. படங்களையும் பெருங்கணக்குகளையும் கையாளும்போது அது பன்மடங்காகும். முறைவழியாக்கியின்மீது பொருத்தப்பட்ட உலோகத் தகடுகள் அவ்வெப்பத்தை வாங்க, விசிறி அதனைக் காற்றோடு அகற்றுகின்றது. காற்றுப் போதாதபோது சூடு ஏறும். இக்காலத்து முறைவழியாக்கிகள் பலவற்றுக்கு 95 அல்லது 100 பாகை செல்சியஸ் அளவே எல்லை. அவ்வெல்லையை அண்மித்ததும் முறைவழியாக்கி தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதுவே அம்மாணவி கண்ட மந்தம். அதன் பின்னரும் சூடு தணியாவிடின் கணினி அணைந்துவிடும்.

அப்படியாயின் விசிறியை எப்போதும் முழு வேகத்தில் ஓட விடலாமே என்பீர்கள். அதுவும் தேவையற்றது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் ஏறத்தாழப் பாதியாகும். ஆனால் அது கொள்ளும் வலுவோ எட்டில் ஒரு பங்காகிவிடும். இரைச்சலும் ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். ஆகவே வேலை குறைந்த வேளையில் மெதுவாக ஓடுவது பெரும் இலாபம். நான் செய்த பிழை மெதுவாக ஓடச் செய்தது அன்று. எப்போதும் ஒரே வேகத்தில் ஓடச் செய்தது.

1788ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் வாற் தமது நீராவிப் பொறிக்கு இரு குண்டுகள் சுழலும் ஒரு கருவியைப் பொருத்தினார். பொறியின் வேகம் மிகும்போது குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் தளரும்போது தாழ்ந்து நீராவியைக் கூட்டும். கணினியிலும் இதே தத்துவமே வேலை செய்கின்றது. தாய்ப்பலகை வெப்பநிலையை அளந்து, அதற்கேற்ப விசிறிக்குக் கட்டளையிடுகின்றது.

விசிறியின் இணைப்பில் நான்கு கம்பிகள் இருந்தால், இரண்டு கம்பிகள் 12 வோல்ற்று மின்சாரத்துக்குரியவை. மூன்றாவது, ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளாக வேகத்தைத் தாய்ப்பலகைக்கு அறிவிக்கும். நான்காவது, செக்கனுக்கு ஏறத்தாழ 25,000 முறை விட்டுவிட்டு வரும் கட்டளைத் துடிப்பு. துடிப்பு அகன்றால் வேகம் கூடும், ஒடுங்கினால் குறையும். மனிதச் செவி கேட்கும் எல்லை ஏறத்தாழ 20,000 ஆதலால், அத்துடிப்பின் ஒலி நம்மை வருத்தாது. மூன்று கம்பிகள் மாத்திரம் இருந்தால் வோல்ற்றளவைக் குறைத்தே வேகத்தைத் தணிக்கவேண்டும். அதனை மிகக் குறைத்தால் விசிறி சுழலத் தொடங்காமலே நின்றுவிடக்கூடும்.

கணினியை இயக்கியவுடன் திறக்கத்தக்க பயோஸ் என்னும் அமைப்புப் பகுதியிலே, இந்த வெப்பநிலைக்கு இந்த வேகம் என்று குறித்துவிடலாம். எங்கள் அறையில் இப்போது 50 பாகை வரை விசிறிகள் முழு வேகத்தின் மூன்றிலொரு பங்கிலும், 70 பாகையில் மூன்றில் இரு பங்கிலும், 80 பாகையில் முழு வேகத்திலும் ஓடுகின்றன. சூடு கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும். விசிறியும் அவ்வாறே கூவி அடங்கினால் செவிக்குத் தொல்லை. ஆதலால் சில செக்கன்கள் தாமதித்துப் பின்பற்றுமாறு அமைப்பது நன்று.

இன்னும் ஒன்றை மறத்தலாகாது. விசிறி எவ்வளவு வேகமாக ஓடினும் முறைவழியாக்கியை அறைக் காற்றிலும் குளிர்ச்சியாக்க முடியாது. அறை 10 பாகை கூடுதலாகச் சூடாயிருந்தால், முறைவழியாக்கியும் ஏறத்தாழ 10 பாகை கூடுதலாகவே சூடாகும். 20 பாகை அறையில் வாழும் குளிர்நாட்டார் வகுத்த அளவுகள் நமது கோடைக்கு அப்படியே பொருந்தமாட்டா. தகடுகளுக்கிடையே தூசி அடைத்திருப்பின் எந்த அளவும் பயன்தராது. முதலில் மின்சாரத்தை நிறுத்தித் தூசியை அகற்றுங்கள். அதன் பின்னரே வேகத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் வேறொரு கணினியும் அவ்வாறே அணைந்தபோதுதான், என் கட்டளையே காரணமென்று ஆசிரியை தயக்கத்தோடு எடுத்துக்காட்டினார். எந்த வகுப்பார் முன்னிலையில் கடிந்துகொண்டேனோ, அந்த வகுப்பார் முன்னிலையிலேயே அம்மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சேர், திரும்பச் செய்துவிட்டேன்" என்றாள் அவள். அவளுடைய செயற்றிட்டம் உரிய நாளிலே நிறைவெய்தியது.

இப்போது அடுத்த அறையிலிருந்து விசிறிகளின் ஓசை எழும்போது எனக்குச் சினம் வருவதில்லை. அங்கே யாரோ ஒரு பிள்ளை கடினமான வேலையொன்றைச் செய்துகொண்டிருக்கின்றது என்று அறிந்துகொள்கின்றேன்.