படம் பிடித்தவன் ஒருவன், பணம் பிடித்தவன் வேறொருவன்!

(விழுப்புரம், திண்டிவனம் கூட்டங்களில் ஆற்றிய உரை)



2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரை கடந்தது. விழுப்புரமும் திண்டிவனமும் வெள்ளக்காடாயின. இடுப்பளவு நீரில் நின்று ஒரு கூலிக்காரர் மகன் கைப்பேசியில் படம் பிடித்து யூடியூபில் போடுகிறான் என்று வையுங்கள். பெரிய சேனல் ஒன்று அவன் பெயரை வெட்டிவிட்டு, தன் முத்திரையைக் குத்தி ஓட்டுகிறது. விளம்பரப் பணம் யாருக்கு? நாற்று நட்டவர் நாம். நெல் மூட்டை போனது பண்ணையார் வீட்டுக்கு. அதே கதைதான்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் பிடித்தவுடனேயே உரிமை பிறக்கிறது, பதிவு கட்டாயமில்லை. தெரிந்தே திருடினால் 3 ஆண்டு வரை சிறை.

ஆனால் யூடியூபில் நடப்பதென்ன? பெரிய கம்பெனிகளுக்குத் திருட்டைத் தானே கண்டுபிடிக்கும் ஏற்பாடு உண்டு. சிறியவனுக்கோ மனுப் படிவம்தான். 90 நாளில் 3 புகார் ஏற்கப்பட்டால் சேனலே போய்விடும். இந்தச் சவுக்கு வலுத்தவன் கையில் எளிதாகச் சுழல்கிறது.

ஆகவே நாம் சொல்கிறோம்: மூலப் படத்தை அழிக்காதீர்கள். திருடப்பட்ட படத்தின் முகவரியையும் தேதியையும் குறித்து வையுங்கள். புகாருக்குக் கட்டணம் இல்லை. எழுதத் தெரிந்தவர் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து துணை நில்லுங்கள்.

தனியாகக் கேட்டால் அது மனு. சங்கமாகக் கேட்டால் அது கோரிக்கை!