ஒரே தேதி, ஒரே கேக்
(பிறந்தநாள் கூட்டத்தில் பேசியது)

நம் குடியிருப்பில் இரண்டு பையன்களுக்கு ஒரே தேதியில் பிறந்தநாள். "அவனோடு சேர்ந்து கேக் வெட்ட மாட்டேன்" என்று ஒருவன் கீழே இறங்கி வரவே மறுக்கிறான். அதனால்தான் இன்று கிரிக்கெட் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 6. ஜடேஜா பிறந்தது 1988, கருண் நாயர் 1991, பும்ரா 1993, ஸ்ரேயாஸ் ஐயர் 1994. நாலு பேருக்கும் அதே தேதி. இங்கிலாந்தின் ஃபிளின்டாஃபுக்கும் அதுதான்.

2016-ல் வர்தா புயல் அடித்த வாரம் ஞாபகம் இருக்கிறதா? மரமெல்லாம் சாய்ந்து, கரண்ட் இல்லாமல் கிடந்தோமே! அந்த வாரமே சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் டெஸ்ட் தொடங்கியது. கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303. டெஸ்டில் அவருடைய முதல் சதமே முச்சதம்! அதற்குமுன் முச்சதம் அடித்த இந்தியர் சேவாக் மட்டும்தான்.

ஆனால் ரன் மட்டும் குவித்தால் ஜெயித்துவிட முடியுமா? கடைசி நாள் இங்கிலாந்து விக்கெட் இழக்காமல் 103. டிராதான் என்று நினைத்தபோது ஜடேஜா 48 ரன்னுக்கு 7 விக்கெட் சாய்த்தார். 207-க்கு ஆல் அவுட். இன்னிங்ஸ், 75 ரன் வித்தியாசத்தில் வெற்றி. இரண்டு வாரம் முன்புதான் இருவருக்கும் பிறந்தநாள் போயிருந்தது.

ஜாதகக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்: ஜடேஜா தொடர்ந்து ஆடினார், கருண் 2017-க்குப் பிறகு அடுத்த டெஸ்டுக்கு 2025 வரை காத்திருந்தார்.

கேக்கில் இரண்டு பெயரும் எழுதியாயிற்று. கத்தியும் இரண்டு இருக்கிறது. தம்பி, இறங்கி வாப்பா.