வெண்மணிக்கு எது சான்று?



நினைவுச் சொற்பொழிவுக்கு விக்கிப்பீடியாவா தலைப்பு என்று சிலருக்கு மனக்குறை இருக்கலாம். ஆனால் இன்றைக்கு ஒரு கல்லூரி மாணவி வெண்மணி என்ற பெயரைக் கேட்டதும் கைப்பேசியில்தான் தேடுகிறார். முதலில் வந்து நிற்பது அந்தக் கலைக்களஞ்சியத்தின் பக்கம். செய்தி எழுதுகிறவரும் போட்டித் தேர்வுக் கையேடு போடுகிறவரும் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். அங்கே நம் ஊர் எப்படி எழுதப்படுகிறது என்பதை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் விட்டுவிட முடியாது.

அங்கே யாரும் எழுதலாம், எழுதியதை யாரும் திருத்தலாம். தகராறு வந்தால் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: சான்று எங்கே? நாம் கண்ணால் பார்த்தோம் என்பது செல்லாது. வெளியான, பிறர் எடுத்துச் சரிபார்க்கக்கூடிய, நம்பத்தகுந்த ஓர் ஆதாரம் வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்கு 'மெய்யறிதன்மை' என்று பெயர். விதி நேர்மையானதுதான். ஆனால் கீழத்தஞ்சையில் எழுத்து யாரிடம் இருந்தது? பண்ணைக் கணக்கு மிராசுதாரிடம், கிராமக் கணக்கு கணக்குப்பிள்ளையிடம், பத்திரிகை பட்டணத்தில். கைநாட்டு மட்டும்தான் நம்மிடம் இருந்தது.

1968 டிசம்பர் 25 இரவு நடந்ததை இந்த அரங்கில் விரித்துச் சொல்லத் தேவையில்லை. கூலி நெல் கூட்டிக் கேட்டார்கள், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்தார்கள். ராமையாவின் குடிசைக்குள் ஒண்டியவர்களை உள்ளேயே வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

எத்தனை பேர் என்பதிலேயே தகராறு தொடங்குகிறது. நினைவுச் சின்னத்தில் 44 பெயர்கள். அன்றைய பதிவுகள் பலவற்றில் 42. நம் இளைஞர் ஒருவர் 44 என்று எழுதுகிறார், இன்னொருவர் 42 என்று மாற்றுகிறார், இவர் மறுபடி 44 ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விக்கியில் இதைத் தொகுப்புப் போர் என்பார்கள். ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் மாற்றியதை மாற்றினால் கணக்கை முடக்கவும் செய்வார்கள், நியாயம் யார் பக்கம் இருந்தாலும். இங்கே செய்ய வேண்டியது எண்ணை மாற்றிக்கொண்டிருப்பது அல்ல. எந்தப் பதிவு 42 என்கிறது, எது 44 பேரைப் பெயர் சொல்லி எண்ணுகிறது என்று இரண்டையும் எழுத வேண்டும். பெயர்ப் பட்டியல் இருக்கிற இடத்தில் பட்டியலுக்குத்தான் பலம் அதிகம். கட்சி எழுப்பிய சின்னம்தானே, பக்கச் சார்பு இல்லையா என்பார்கள். தங்கள் வீட்டில் செத்தவர்களின் பெயரை அறிய ஊராரைவிட நெருக்கமான சாட்சி யார் என்று திருப்பிக் கேட்கலாம்.

பெரிய சிக்கல் தீர்ப்பில் இருக்கிறது. 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது, வேறு சிலரையும் தண்டித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. பெருநிலக்காரர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற போக்கில் அமைந்த தீர்ப்பு அது. உயர் நீதிமன்றத் தீர்ப்பைவிட நம்பத்தகுந்த சான்று உண்டா என்று கேட்டுவிட்டால் நம் பிள்ளைகள் வாயடைத்துப்போகிறார்கள்.

வாயடைக்கத் தேவையில்லை. நம்பத்தகுந்த சான்று என்ற முத்திரையை ஒரு நூலுக்கோ நிறுவனத்துக்கோ மொத்தமாகக் குத்திவிட முடியாது. எந்தச் செய்திக்குச் சான்று என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். நீதிமன்றம் என்ன முடிவு செய்தது என்பதற்கு அந்தத் தீர்ப்பு முழுச் சான்று. பணக்காரர் நடந்து வரமாட்டார் என்பதற்கு அது சான்று ஆகாது, அது நீதிபதிகளின் சமூகப் பார்வை. விடுதலை ஆனார்கள் என்றுதான் அதைக் கொண்டு எழுத முடியும், தீ வைக்கப்படவில்லை என்று எழுத முடியாது. அந்த ஆண்டே மைதிலி சிவராமன் தீர்ப்பை அலசி 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் கட்டுரை எழுதினார். அது அச்சில் இருக்கிறது, தீர்ப்புக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

இதே அளவுகோல் நமக்கும் உண்டு. அதே நாளில் பக்கிரிசாமி என்பவர் கொல்லப்பட்ட வழக்கில் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டதும் பதிவில் இருக்கிறது. அதை நாம் அழிக்கக் கூடாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'மோதல்' என்று தலைப்புப் போடுவதை மட்டும் மறுக்க வேண்டும். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புன'லையும் சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெ'ல்லையும் சம்பவத்துக்கு ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலாவது சாகித்திய அகாதெமி விருது பெற்றது, இரண்டாவது நமக்கு நெருக்கமானது. ஆனாலும் நாவல் நாவல்தான். வெண்மணி இலக்கியத்தில் எப்படி வாங்கிக்கொள்ளப்பட்டது என்பதற்கு மட்டுமே அவை சான்று.

தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுவாகப் பேசித் தீர்க்கிற பக்கத்தின் பெயர் 'ஆலமரத்தடி'. அன்போடு வைத்த பெயராக இருக்கும். ஆலமரத்தடியில் யார் உட்கார்ந்தார்கள், யார் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எட்ட நின்றார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் இந்த ஆலமரத்தடியில் உட்கார யாருடைய அனுமதியும் வேண்டாம், நாம்தான் போவதில்லை. அங்கே தலையெண்ணி முடிவெடுப்பதில்லை, வாதத்தை எடை போட்டு இணக்கம் காண்பதுதான் முறை. ஆங்கில விக்கிப்பீடியாவில் சாதிகளைப் பற்றி எழுத ஒரு காலத்தில் தர்ஸ்டன் போன்ற காலனிய அதிகாரிகளின் நூல்களைத் தாராளமாகக் காட்டினார்கள். அவை சாதி விஷயத்தில் நம்பத்தக்கவை அல்ல என்ற நிலை பேச்சுப் பக்கங்களில் வாதாடித்தான் வந்தது.

வாதாடக் கையில் சரக்கு வேண்டும். தென்பரையில் 1940களில் சங்கம் கட்டியபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கூலி நெல்லை முத்திரை போட்ட மரக்காலில் அள என்பது. மிராசுதாரின் மரக்காலை உடைக்கச் சொல்லவில்லை, இரு தரப்புக்கும் பொதுவான அளவைத்தான் கேட்டார்கள். சாட்டையடியும் சாணிப்பாலும் கட்டுக்கதை என்று எவராவது திருத்த வந்தால் 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். அது மிராசுதார்கள் தரப்பும் ஒப்புக்கொண்ட ஒப்பந்தம். இல்லாத தண்டனையை நிறுத்த எவரும் ஒப்பந்தம் போடுவதில்லை.

வாய்மொழியைச் சான்றாக ஏற்கும் முயற்சி நடந்திருக்கிறது. 2011இல் அச்சல் பிரபாலாவும் நண்பர்களும் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மக்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து கட்டுரைகளுக்கு மேற்கோளாக வைத்துப் பார்த்தார்கள். அது பொது விதியாக நிலைபெறவில்லை. ஆகவே நமக்கு இன்னும் உறுதியான வழி அச்சுதான். அப்பணசாமி விவசாயத் தொழிலாளர்களின் வாய்மொழியைத் தொகுத்து 'தென்பரை முதல் வெண்மணி வரை' என்று நூலாக்கினார். திண்ணையில் சொன்னது அன்றோடு பக்க எண் உள்ள சான்றாகிவிட்டது.

அந்த இரவை நேரில் கண்டவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் மிஞ்சியிருக்கிறார்கள். அன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கே இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. வருகிற டிசம்பர் 25க்கு வெண்மணி போகிற மாணவர்கள் மாலையோடு ஒலிப்பதிவுக் கருவியும் கொண்டுபோங்கள். சொல்கிறவரின் சம்மதம், பதிந்த தேதி, இடம், கேட்டவர் பெயர், இவை நான்கும் தவறாமல் குறியுங்கள். அவர் சொன்னதை அழகுபடுத்தாதீர்கள். முரண் இருந்தால் முரணோடு அச்சிடுங்கள். ஒரு படியை ரோஜா முத்தையா நூலகத்துக்கும் ஒன்றைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புங்கள். அச்சாகி நூலகம் சேர்ந்த பிறகு கலைக்களஞ்சியத்தின் பேச்சுப் பக்கத்தைத் திறக்கலாம்.