உடையும் நடையும்

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'உடையும் நடையும்' என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இலக்கிய மன்றத்தில் உடையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். தமிழ் மொழி அப்படி நினைக்கவில்லை. தறியில் ஓடும் இழையும் நமக்கு நூல். கையில் விரியும் ஏடும் நமக்கு நூல். நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் தம் பாயிரத்தில் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் உருவகித்துக் காட்டுகிறார். யாப்பு என்ற சொல்லுக்குக் கட்டுதல் என்பதே பொருள். நடை என்ற சொல்லோ காலின் போக்கையும் எழுத்தின் போக்கையும் ஒருங்கே குறிக்கிறது.

பொருநராற்றுப்படையில் கந்தல் உடுத்திய பொருநன் ஒருவன் கரிகாலனிடம் வருகிறான். மன்னன் அந்தக் கந்தலை நீக்கி, இழை ஓடிய வழி தெரியாத, பாம்பின் சட்டை போன்ற மெல்லிய ஆடையை அவனுக்கு அளிக்கிறான். அங்கே உடை என்பது புரவலன் தந்த கொடை. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது வேறு வகை உடை. ஒருவர் தாமே எண்ணித் தேர்ந்து, ஊர் பார்க்க உடுத்திய உடை. அத்தகைய உடையின் வரலாற்றில் நம் மதுரைக்கு ஓர் இடம் உண்டு.

1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள். மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டில் காந்தியடிகள் தம் சட்டையையும் குல்லாயையும் முழு வேட்டியையும் துறந்து, அரையாடை மனிதராக வெளியே வந்தார். அந்த வீடு பின்னர்க் கதர் விற்பனை நிலையமாயிற்று. அன்னியத் துணி மறுப்பு இயக்கம் நாடெங்கும் நடந்துகொண்டிருந்த காலம் அது. சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த இரயில் பயணத்தில் உடன் வந்தவர்களிடம் கதர் உடுத்துமாறு அவர் வேண்டினார். கதர் விலை மிகுதி, அதை வாங்க எங்களிடம் பணம் இல்லை என்று அவர்கள் தலையசைத்தார்கள். அந்த விடையில் இருந்த உண்மை அவரைத் தைத்தது. வாங்க இயலாதவனிடம் வாங்கு என்று சொல்லும் தகுதி, முழு உடை உடுத்திய தமக்கு இல்லை என்று உணர்ந்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அந்த முடிவுக்கு ஒரு தெளிவான காரணம் இருந்தது. இரண்டாவது, அதற்கு அவர் ஒரு கால எல்லையும் வைத்தார். குறைந்தது அக்டோபர் 31ஆம் நாள் வரையில் என்றுதான் முதலில் அறிவித்தார். நாற்பது நாள் நோன்பாகத் தொடங்கிய அந்த உடை, காரணம் தீராமையால் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. 1931இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றபோதும், பக்கிங்காம் அரண்மனையில் மன்னரைச் சந்தித்தபோதும் அதை அவர் மாற்றவில்லை. தமுக்கத்தில் 1959இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் இரத்தக்கறை படிந்த அவருடைய ஆடையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மதுரையில் மேற்கொண்ட நோன்பின் கடைசிப் பக்கம் என்று அதைச் சொல்லலாம்.

காந்தியடிகள் ஒரு பத்திரிகையாசிரியர் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். 'யங் இந்தியா', 'நவஜீவன்' ஆகிய இதழ்களில் அவர் விளம்பரங்களை ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழிலும், தொடக்கத்தில் வந்த விளம்பரங்களைப் பின்னர் நிறுத்தினார். மேலாடையை நீக்கிய அதே கைதான் விளம்பரத்தையும் நீக்கியது. அவருடைய உரைநடையைப் படியுங்கள். அதிலும் வேண்டாத ஓர் அடைமொழியைக் காண்பது அரிது. உடையும், இதழும், நடையும் அவரிடத்தில் ஒரே முடிவின் மூன்று முகங்கள்.

அப்படியானால் நீக்குவதுதான் நடையா? இல்லை என்று சொல்ல மதுரையிலேயே இன்னொருவர் இருக்கிறார். பாரதியார் 1904ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நவம்பர் வரை இங்கே சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அதற்குச் சற்று முன்னர், அவ்வாண்டு ஜூலையில், மதுரையிலிருந்து வெளிவந்த 'விவேகபானு' இதழில் அவருடைய 'தனிமை இரக்கம்' அச்சேறியது. அச்சில் வந்த அவருடைய முதற்கவிதை அதுவென்பர். காசியில் வாழ்ந்த நாள்களிலேயே அவர் குடுமியை விட்டு, மீசை வளர்த்து, தலைப்பாகை அணியத் தொடங்கியிருந்தார். குலவழக்கம் விதித்த தோற்றத்தின்மேல் அவர் எழுதிச் சேர்த்த திருத்தங்கள் அவை. காந்தியடிகள் கழித்தார்; பாரதியார் கூட்டினார். வறுமையிலும் தலைப்பாகையையும் கோட்டையும் விடாத அந்தத் தோற்றத்தில் ஒரு நிமிர்வு இருந்தது.

அந்த நிமிர்வு அவர் நடத்திய இதழுக்கும் வந்தது. 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழ் சிவப்புத் தாளில் அச்சாயிற்று. தமிழில் அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்ட முன்னோடி இதழும் அதுவே. தலைப்பாகை ஒரு மனிதனுக்குச் செய்ததைச் சிவப்புத் தாள் ஓர் இதழுக்குச் செய்தது. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கும் 'இது வேறு' என்று அறிவித்தது.

பெண்களின் நிலையை இவ்வாறு எளிதாகச் சொல்லிவிட முடியாது. அவர்கள் உடுத்துவதைப் பெரும்பாலும் பிறரே முடிவு செய்தனர். அவர்கள் எழுதுவதையும் பிறரே முடிவு செய்தனர். வை.மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி' இதழைப் பல்லாண்டுகள் தாமே நடத்தியவர். காந்தியடிகளைச் சந்தித்தபின் பட்டையும் நகைகளையும் விடுத்துக் கதருக்கு மாறினார். தம் இதழைத் தாமே தொகுத்த ஒரு பெண், தம் தோற்றத்தையும் தாமே தொகுத்துக்கொண்டார் என்பதே இதன் சிறப்பு.

இதுவரை சொன்னவை தனிமனிதர் கதைகள். ஒரு கூட்டம் முழுவதும் ஓர் உடையைத் தேர்ந்தால் என்ன நிகழும்? அதற்கும் மதுரை சாட்சி. சமுதாய இழிவின் அடையாளமாகவும், அதைத் துடைக்கும் உறுதியின் அடையாளமாகவும் பெரியார் கருஞ்சட்டையை முன்வைத்தார். 1946 மே மாதத்தில் வைகை மணலில் கருஞ்சட்டை மாநாடு கூடியது. பந்தல் தீக்கிரையாக்கப்பட்டது. 1948இல் கருஞ்சட்டைப் படையை அன்றைய மாகாண அரசு தடை செய்தது. ஒரு சட்டையின் நிறத்தைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது என்றால், அந்த உடையில் பேச்சு இருந்தது என்று பொருள். அதே இயக்கத்துக்குள்ளிருந்தே ஒரு மாற்றுக் கருத்தும் எழுந்தது. எல்லா உறுப்பினரும் எப்போதும் அதை அணிந்தாக வேண்டும் என்பதை அறிஞர் அண்ணா ஏற்கவில்லை. கொள்கைக்கு உடன்பட்டவர் சீருடைக்குத் தயங்கினார். இந்தத் தயக்கம் எழுத்தாளர்களாகிய நமக்கு மிகவும் வேண்டியது.

ஏனெனில் அண்ணாவின் எழுத்துநடைக்கும் பிற்காலத்தில் அதுவே நேர்ந்தது. 1942இல் அவர் தொடங்கிய 'திராவிட நாடு' இதழில் அடுக்குமொழி புதிய வேகத்தோடு வந்தது. மேடையில் கேட்பவன் செவிக்கு எட்டவேண்டும், எழுத்தறியாதவன் நினைவிலும் நிற்கவேண்டும் என்ற காரணம் அதற்கு இருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் திருமண வாழ்த்துமடல்வரை அந்த அடுக்கு பரவியது. மோனை எஞ்சியது, காரணம் எஞ்சவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. 1976இல் இலண்டனில் 'பங்க்' என்ற இசையை ஒட்டி இளைஞர் கூட்டம் ஒன்று கிளம்பியது. கிழிந்த சட்டையும், அதைக் கோத்துப் பிடிக்கும் ஊக்கும் அவர்களின் அடையாளம். வங்கி எழுத்தராக இருந்த மார்க் பெரி என்ற இளைஞர், தட்டச்சு செய்து, தலைப்புகளைத் தடித்த பேனாவால் கிறுக்கி, நகலெடுத்து 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற சிற்றிதழை நடத்தினார். கிழிந்த சட்டைக்கும் கிறுக்கிய பக்கத்துக்கும் காரணம் ஒன்றே: கையில் இருப்பதைக் கொண்டு இன்றே செய்வது. மறு ஆண்டே ஸாண்ட்ரா ரோட்ஸ் என்ற ஆடை வடிவமைப்பாளர் மணிகள் பதித்த ஊக்குகளோடு விலையுயர்ந்த உடைகளைச் செய்தார். மார்க் பெரி அதே 1977இல் இதழை நிறுத்திக்கொண்டார். தம் இதழை வாசிப்பதை விட்டுவிட்டு, அவரவர் தமக்கென ஓர் இதழைத் தொடங்குங்கள் என்பதே அவர் வாசகர்களுக்குச் சொன்னது. எதிர்ப்பின் பாணி எவ்வாறு கடைச்சரக்காகிறது என்பதை டிக் ஹெப்டிஜ் என்ற அறிஞர் 1979இல் ஒரு நூலாகவே எழுதினார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 1959 சனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். விடுதலைப் போரில் சிறை சென்றவர், கதர் உடுத்தியவர். அவர் நடத்திய இதழும் கதரைப் போன்றதே. பகட்டில்லாத அட்டை; இரண்டாயிரம் படிகளுக்குமேல் அச்சிடுவதில்லை என்ற வரம்பு. ந. பிச்சமூர்த்தி முதலியோரின் புதுக்கவிதை அங்கே வேரூன்றியது. 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்தது. 1970இல் இதழ் நின்றது. யாப்பைத் துறந்த அந்தக் கவிஞர்கள், மேலமாசி வீதியில் மேலாடை துறந்தவரைப் போல, காரணத்தோடு துறந்தார்கள். மரபு தெரிந்து விட்டவர்கள் அவர்கள்.

அவர்களுக்குப் பின்னே வந்த தலைமுறைகளில் கவிஞனுக்கு ஓர் உடை ஏற்பட்டது. ஜிப்பா, ஜோல்னாப் பை, மழிக்காத தாடி. இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். இந்த அவையிலேயே நான்கு ஜோல்னாப் பைகளை நான் எண்ணிவிட்டேன். ஐந்தாவது என் நாற்காலியில் தொங்குகிறது. பையில் குற்றமில்லை. கவிதைக்கும் அதேபோல் ஒரு சீருடை தைக்கப்பட்டுவிட்டதே என்பதுதான் என் கவலை. ஒரு வாக்கியத்தை நான்காக ஒடித்து ஏணிப்படியாக அடுக்குவது, முடிவில் மூன்று புள்ளிகள் வைப்பது, நிலவையும் வறுமையையும் ஒரே வரியில் மோதவிடுவது, கடைசி அடியில் வாசகனைத் திடுக்கிட வைப்பது. நம் மாதக் கூட்டங்களில் வாசிக்கப்படும் கவிதைகளின் கீழுள்ள பெயரை மறைத்துப் பாருங்கள். எது யாருடையது என்று உங்களால் சொல்ல முடியுமா? புதிதாக வரும் இளைஞர் நம்மிடமிருந்து முதலில் கற்றுக்கொள்வது இந்தத் தையல் அளவைத்தான். பத்தாண்டுகளில் நாம் ஈட்டியவற்றுள் இதுவும் ஒன்று என்பதை இவ்விழா நாளில் சொல்லாமல் விடுவது சரியாகாது.

நமக்கு வழிகாட்ட நம் ஊர்ச் சுங்குடியே போதும். சௌராட்டிர மக்கள் மதுரைக்கு அளித்த கலை அது. 2005இல் புவிசார் குறியீடும் பெற்றது. துணியில் புள்ளியிட்டு, அந்த இடத்தைக் கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிட்டபின் சாயத்தில் தோய்ப்பார்கள். முடிச்சை அவிழ்த்தால் சாயம் புகாத இடம் வெண்புள்ளியாக மலரும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். சாயம் எங்கே ஏறக்கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்யும் கலை அது. இதழாசிரியன் வேலையும் இதுதானே! சின்னாளபட்டியிலும் மதுரையிலும் இன்று மெழுகு அச்சாலும், அச்சுத் திரையாலும் அதே புள்ளிகளை விரைவாகப் போடுகிறார்கள். அதுவும் உழைப்புதான், பலருக்குச் சோறு போடுகிறது. என்றாலும் முடிச்சுச் சேலையைத் தடவிப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் சற்றே மேடாக இருக்கும். ஒன்றுபோல் மற்றொன்று இராது. அச்சுச் சேலை விரலுக்கு வழவழப்பாக இருக்கும். நம் கவிதைகளை நாம் விரலால் தடவிப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஆகவே மன்றத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, வரும் ஆண்டு முழுவதும் மாதக் கூட்டங்களில் கவிஞர் பெயரைச் சொல்லாமலே கவிதைகள் வாசிக்கப்பட வேண்டும். யாருடையது என்று அவை இனங்கண்டால் அக்கவிஞர் மகிழலாம். இனங்காண இயலாவிட்டால் அவர் வருந்த வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தால் போதும். மற்றொன்று, நம் வெளியீடுகளைத் தொகுப்பவர்கள் ஒவ்வொரு கவிதையிடமும் ஒரு வினாவைக் கேட்க வேண்டும். இந்த வரி ஏன் இங்கே ஒடிகிறது? விடை இருந்தால் ஒடியட்டும். விடை இல்லையென்றால் கவிஞரிடமே திருப்பி அனுப்புங்கள், அவர் நம் மூத்த உறுப்பினராக இருந்தாலும். மூத்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அந்த வரிசையில் நானும் நிற்கிறேன்.

பாரதியின் தலைப்பாகையை நாம் கட்டிக்கொள்ள முடியாது. காந்தியின் அரையாடையை உடுத்தவும் முடியாது. அவர்கள் ஒவ்வொருவரும் தம் காரணத்தைத் தாமே தேடிக்கொண்டார்கள் என்பதை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். அத்தகைய தேடல் உள்ள கவிஞர்கள் இங்கே இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவும் பேசினேன்.