கடைசியில் வருபவரின் வேகம்

"சைக்கிள் ஓடி ஒரு நாட்டை ஒன்றாக்க ஏலுமா, சேர்?" பாபா ஆம்தேயின் பயணத்தைப் பற்றி வகுப்பிலே சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்ட கேள்வி இது. அவனுக்குச் சொன்ன மறுமொழியையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

1985 டிசம்பர். இடம் கன்னியாகுமரி. 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானித்த பாறை கடலில் நிற்கிறது. கரையிலே நூற்றுக்கு மேற்பட்ட இளைஞர்களும் யுவதிகளும் துவிச்சக்கர வண்டிகளுடன் நிற்கிறார்கள். செல்ல வேண்டிய திசை காஷ்மீரம். தூரம் ஏறக்குறைய 5,000 கிலோமீற்றர். நாளொன்றுக்கு 50 கிலோமீற்றர் ஓடினாலும் நூறு நாட்கள் வேண்டும். 1984 இல் அமிர்தசரஸிலும் டில்லியிலும் சிந்திய இரத்தத்தின் நினைவு ஆறாத காலம் அது. பாரதத்தை இணைப்பதே அவர்களின் நோக்கம்.

அவர்களை அழைத்தவரோ சைக்கிளில் ஏறி அமர முடியாதவர். மகாராஷ்டிரத்தில் ஆனந்தவனத்தை அமைத்துத் தொழுநோயாளருக்கு வாழ்வளித்த பாபா ஆம்தேவுக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டிக்கொண்டிருந்தது. முதுகெலும்பு நோயால் நெடுநேரம் உட்கார இயலாது. ஆகவே வாகனத்தில் படுத்தபடியே உடன் சென்றார். ஆற்றுப்படை நூல்களிலே பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி காட்டுவான். இங்கே வழிகாட்டி படுத்திருக்கிறார். வழிச்செல்வோர் பரிசில் எதையும் நாடவில்லை.

கூட்டமாகச் செல்லும் நெடும்பயணத்தில் முதல் நாள்தான் பொல்லாத நாள். கால்களில் புதுத் தெம்பு இருக்கும். வலியவர் முந்தப் பார்ப்பார். முந்தினால் மாலைக்குள் கூட்டம் சிதறும். முந்தியவரின் முழங்காலும் மறுநாள் பழி வாங்கும். ஆதலால் கடைசியில் வருபவரின் வேகமே எல்லாருடைய வேகமும் ஆகவேண்டும். எரிபொருளின்றி 1990களில் யாழ்ப்பாணத்தில் சைக்கிளையே நம்பி வாழ்ந்த நமக்கு எதிர்காற்றைப் பற்றி விளக்கத் தேவையில்லை. முன்னே ஓடுபவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னே வருபவரின் பாரம் குறைகிறது. அவர் களைத்தால் இவர் முன்னே வரவேண்டும். வருபவர் எந்த மொழி பேசுகிறார், எந்தத் தெய்வத்தை வணங்குகிறார் என்று காற்று கேட்பதில்லை.

மாணவனுக்கு நான் சொன்னது இதுதான்: ஒரு பயணத்தால் நாடு ஒன்றாகிவிடாது. பாபா ஆம்தேயும் ஒன்றோடு நிறுத்தவில்லை. 1988 இல் கிழக்கே அருணாசலப் பிரதேசத்திலிருந்து மேற்கே குஜராத் நோக்கி மறுபடியும் ஒரு பயணம் நடத்தினார். 2008 இல் அவர் மறைந்தபோதும் பிளவுகள் தீர்ந்திருக்கவில்லை. ஆயினும், வலியவர் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும் பழக்கத்தை எந்தச் சட்டமும் ஊட்டமுடியாது. அதை ஓடிப் பழகித்தான் பெறவேண்டும்.

மாணவன் சற்று யோசித்தான். "அப்ப, கடைசியில வாறவனும் மிதிக்கிறதை விடக்கூடாது, என்ன சேர்?" என்றான்.

நான் சொல்ல மறந்த பாதியை அவன் சொல்லிவிட்டான்.